உங்களுக்குத் தெரியுமா? கொசுவின் குடலிலும் ஒரு காவல்
மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவெல்லாம் மலேரியாவைப் பரப்பிவிடுவதில்லை. ரத்தத்தோடு உள்ளே போன ஒட்டுண்ணி முதலில் அனோபிலிஸ் கொசுவின் குடலைத் தாண்டியாக வேண்டும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். ஸ்பெயின் ஆய்வகம் ஒன்றில் வளர்த்த கொசுக்களில் மலேரியா ஒட்டுண்ணித் தொற்று தானாகவே குறைந்துபோனது. டெல்ஃப்டியா என்ற குடல் பாக்டீரியா சுரக்கும் ஹார்மேன் என்ற வேதிப்பொருள், ஒட்டுண்ணியின் வளர்ச்சியை முடக்குகிறது என்று 2023-இல் ‘சயின்ஸ்’ இதழ்க் கட்டுரை விளக்கியது. அப்படியானால் பாக்டீரியாவைப் பரப்பிவிட்டால் போதாதா? அது கொசுவிலிருந்து கொசுவுக்குத் தாவாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் நாமேதான் ஊட்ட வேண்டும் (கொசுவுக்கே விருந்து!). குடல்வாசிகள் எல்லாம் நமக்குச் சாதகமும் அல்ல: ஏடிஸ் கொசுவில் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா, குடல்சுவரின் சளிப்படலத்தைச் சிதைத்து டெங்கு வைரஸுக்கு வழி திறந்துவிடுகிறது.