தோண்டி எடுத்த வரலாறு தொலையாமல் இருக்க..!

நெதர்லாந்தில் வீடோ சாலையோ கட்டவிருக்கும் இடத்தில் தொல்பொருள்கள் இருக்க வாய்ப்பிருந்தால், முதலில் ஆய்வு நடத்தி அறிக்கை தர வேண்டும். 2007 முதல் சட்டமே அப்படித்தான். பல்லாயிரக்கணக்கில் அறிக்கைகள் குவிந்துவிட்டன. அத்தனையையும் ஒருவர் படித்து முடிப்பது நடக்கிற காரியமா?

சாதாரணத் தேடலும் இங்கே போதாது. 'ஸ்விஃப்டர்பான்ட்' என்பது ஓர் ஊர். கற்காலப் பண்பாடு ஒன்றுக்கும் அதே பெயர். அந்த மக்களின் பானை வகைக்கும் அதுவே பெயர். லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆக்னஸ்' தேடுபொறி, அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்து எது ஊர், எது காலம், எது பொருள் எனப் பிரித்து அட்டவணைப்படுத்துகிறது. இதற்காகத் தொல்லியல் மாணவர்கள் அறிக்கைகளில் சொற்களைக் குறித்துக் கொடுத்து, கணினிக்குப் பாடம் நடத்தினார்கள்.

தோண்டிய இடத்தில் கட்டடம் எழுந்துவிடும். பிறகு மிஞ்சுவது அகழ்ந்த பொருள்களும் அறிக்கையும்தான். அந்த அறிக்கை யார் கண்ணிலும் படாவிட்டால், வரலாறு இரண்டாம் முறை புதைந்ததாகத்தானே அர்த்தம்!