மெயினை அணைத்துப் பாருங்கள்!

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாமல் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவே திண்டாட வேண்டியிருந்தது.

‘ஜெனரேட்டர் இருக்கிறது, சமாளித்துவிடலாம்’ என்று பால்பண்ணையாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதைப் புயலன்று சோதிக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்பே, ஒருநாள் காலைக் கறவைக்கு முன் மெயினை அணைத்து, மறுநாள் காலைவரை பண்ணையை நடத்திப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

ஜெனரேட்டர்: மோட்டாரையும் கறவை இயந்திரத்தையும் இழுக்கிறதா? மணிக்கு எவ்வளவு டீசல் செலவாகிறது? பங்க் மூடியிருந்தால் கைவசம் உள்ளது எத்தனை நாள் வரும்?

தண்ணீர்: கறவை மாடு நாளொன்றுக்கு 60 லிட்டர்கூடக் குடிக்கும். 10 மாடுகளுக்கு 600 லிட்டர். தொட்டி எத்தனை நாள் தாங்கும்?

கறவை: கையால் கறக்க ஆள் உண்டா? இயந்திரத்துக்குப் பழகிய மாடு கைக்குப் பால் விடுமா? மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கு வழியாகும்.

ஆவணம்: காப்பீட்டுப் பத்திரம், காதுவில்லை எண், மாட்டின் படம் ஆகியவை நனையாத உறையில் உள்ளனவா?

தடுமாறிய இடங்களை எழுதிவைத்துச் சரிசெய்யுங்கள். 15 நாள் கழித்து மீண்டும் அணைத்துப் பாருங்கள். இரண்டாம் முறை நீங்கள் ஒதுங்கி நின்று, வீட்டிலிருப்பவர்களை நடத்தச் சொல்லுங்கள். புயலன்று நீங்கள் ஊரில் இருப்பீர்கள் என்பது நிச்சயமில்லை.