பட்டா யார் பெயரில்?

புதிதாகச் சிறுதொழில் தொடங்குவோர் தமக்கென ஓர் இணையதளம் அமைக்க முற்படும்போது, நிறம் என்ன, முகப்புப் படம் எது, எழுத்துகள் அசைந்து வரவேண்டுமா என்பவற்றைப் பற்றியே நெடுநேரம் பேசுகின்றனர். அத்தளத்தின் முகவரி எவர் பெயரில் பதிவாகிறது என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதே இல்லை. தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முகவரி கைவிட்டுப் போனால், அதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வாடிக்கையும் அதனுடனேயே போய்விடும்.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் இருக்கத் தனித் தளம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு, ஏனெனில் செலவின்றி வாடிக்கையாளரைச் சென்றடைய அவற்றைவிட எளிய வழி இல்லை. ஆனால் அவை யாவும் பிறருடைய இடங்கள். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் செயலியைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பி விற்பனை செய்துவந்தோர் தம்மைப் பின்தொடர்ந்தோரை ஒரே இரவில் இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. இவற்றினும் பொருத்தமான சான்று கூகுளுடையது: வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தோருக்கு இலவசமாக அது வழங்கிவந்த சிறு இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன, விளம்பர அட்டையிலும் கடைப் பலகையிலும் அம்முகவரியை அச்சிட்டிருந்தவர்கள் அவற்றை மாற்ற நேர்ந்தது. இலவசமாகக் கிடைத்த திண்ணையில் கடை விரிப்பதில் தவறில்லை, அதை மட்டுமே நம்பியிருப்பதுதான் தவறு.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. அந்த எண்களை நினைவில் வைப்பது மனிதர்க்கு இயலாது என்பதால், சொற்களாலான பெயரைக் கொடுத்தால் உரிய எண்ணைத் தேடித் தரும் முறையை 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் வகுத்தார். அப்பெயரே களப்பெயர் எனப்படுகிறது. வழக்கில் டொமைன் என்பர். டாட் காம் போன்ற ஈறுகளைக் கொண்ட பெயர்களின் ஒழுங்குமுறையை 1998இல் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு கவனிக்க, டாட் இன் என்ற இந்திய ஈற்றை நிக்ஸி எனப்படும் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நிருவகிக்கிறது. பொதுமக்கள் இவ்வமைப்புகளை நேரடியாக அணுகுவதில்லை. பதிவாளர் எனப்படும் இடைநிலை நிறுவனங்களிடம், ஈற்றைப் பொறுத்து ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை செலுத்திப் பெயரைப் பதிவு செய்கின்றனர். முதலாண்டுக் கட்டணத்தை மிகக் குறைத்துக் காட்டிப் புதுப்பிக்கும்போது முழுத் தொகையை வாங்குவது இத்துறையில் பரவலான வழக்கமாதலால், புதுப்பிப்புக் கட்டணத்தையும் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

கண்டிப்பாகச் சொன்னால், களப்பெயருக்குக் கிடைப்பது பட்டா அன்று, குத்தகைதான். ஒரே முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே டாட் காம் பெயரைப் பதிவு செய்ய முடியும். கெடு முடிந்தபின் பதிவாளர் அளிக்கும் சில நாள் சலுகையும் கழிந்துவிட்டால், கூடுதல் கட்டணத்தோடு மீட்பதற்கு 30 நாள்களும் அதன்மேல் 5 நாள் காத்திருப்பும் கடந்து, அப்பெயர் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச் சொத்தாகிவிடும். இவ்வாறு உதிரும் பெயர்களுக்காகவே காத்திருந்து பிடித்து, பழைய உரிமையாளரிடமே கொள்ளை விலைக்கு விற்போர் இருக்கின்றனர். ஆனால் சிறுதொழிலர் பெயரை இழப்பது மறதியால் மட்டுமன்று. தளம் வடிவமைத்துத் தருபவர் தமது கணக்கிலேயே, தமது மின்னஞ்சலைக் கொடுத்தே பெயரைப் பதிவு செய்துவிடுவது மிக எளிதில் நிகழ்கிறது. அதில் வஞ்சகம் இருக்க வேண்டுமென்பதில்லை, வேலை விரைவாக முடியட்டும் என்ற எண்ணமே போதும். பின்னர் அவர் ஊர் மாறினாலோ, தொழிலை விட்டாலோ, கட்டணத் தகராறு எழுந்தாலோ, பணம் கொடுத்தவரிடம் எந்தப் பிடியும் இருப்பதில்லை. ஆகவே பதிவாளரிடம் உள்ள கணக்கு தொழில் உரிமையாளரின் மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் இருக்க வேண்டும். வடிவமைப்பாளருக்குத் தேவையான அனுமதியை மட்டும் தனியே கொடுக்கலாம்.

பெயரைத் தேர்வதில் தமிழருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. உடன்குடியில் கருப்பட்டி விற்கும் ஒருவர் அச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத முனைந்தால், 'பி' ஒன்றா இரண்டா, 'டி' ஒன்றா இரண்டா என்ற ஐயம் அவருக்கே எழும். தொலைபேசியில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வாடிக்கையாளருக்கோ அது இரட்டிப்பாகும். ஒரே முறை காதால் கேட்டவர் பிழையின்றி எழுதக்கூடிய குறுகிய பெயரே நல்ல பெயர். இயலாதபோது, வழக்கிலுள்ள இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் பதிவு செய்து இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடலாம். தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்க இந்தியாவுக்கு '.இந்தியா' என்ற ஈறும், இலங்கைக்கு '.இலங்கை' என்ற ஈறும், சிங்கப்பூருக்கு '.சிங்கப்பூர்' என்ற ஈறும் உள்ளன. அழகான ஏற்பாடுதான், ஆயினும் தமிழ் முகவரியில் அமைந்த மின்னஞ்சலைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை என்பதால், இப்போதைக்கு அதை இரண்டாம் முகவரியாக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தளத்தின் கோப்புகளை எப்போதும் இயங்கும் கணினியொன்றில் வாடகைக்கு வைப்பதை ஹோஸ்டிங் என்பர். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவரும் அங்கே பக்கங்களை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் கள்வருக்குக் கதவு திறந்ததாகும். வாடிக்கையாளர் தட்டச்சு செய்வதை வழியில் எவரும் படிக்காதபடி மறையாக்கம் செய்யும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் உலாவி 2018 ஜூலை முதல் காட்டிவருகிறது.

தளத்தில் என்ன எழுதுவது என்பதே இதைவிடப் பெரிய செய்தி. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று எழுதுவதால் எவரும் எதையும் வாங்குவதில்லை. மாறாக, முன்சொன்ன கருப்பட்டி வியாபாரி, பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதையும், காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றுவதால் கருப்பட்டிக்கு அரைக்கோள வடிவம் வருவதையும், எந்த மாதங்களில் பதநீர் இறங்கும், எப்போது இருப்பு தீரும் என்பதையும், சீனி கலந்த கருப்பட்டியை வாங்குவோர் எவ்வாறு இனங்காணலாம் என்பதையும் எழுதினால், அதுவே விளம்பரத்தின் வேலையைச் செய்யும். தொழிலருக்குச் சாதாரணமாகத் தோன்றும் இச்செய்திகளைத்தான் வெளியூர் வாடிக்கையாளர் தேடுகிறார்.

இங்கே அச்சகத்திலிருந்து வரும் ஒரு பழக்கம் இடையூறு செய்கிறது. துண்டறிக்கைக்காகச் செய்த படத்தையே தளத்திலும் ஒட்டிவிட்டால், அதிலுள்ள எழுத்துகளைத் தேடுபொறி நம்பகமாகப் படிப்பதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரையோ கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் நினைவில் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும்; 'கருப்பட்டி' என்று தேடுபவருக்கு அப்பக்கம் கிட்டாது. உலகின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில், அதாவது யூனிகோடில், உரையை அமைப்பதே இதற்குத் தீர்வு. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோரும் பலராதலால், அவ்வடிவத்தையும் பக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்துவிடலாம்.

தளத்திலேயே விற்பனையும் நடக்குமாயின் சட்டம் உள்ளே வருகிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி தொழிலின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலப் பொருளுக்கு நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றையும், உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணையும் காட்டுவது அவசியம். வரி விதிப்புக்கு உட்பட்ட பொருளை மாநிலம் கடந்து அனுப்புவோர், சில விலக்குகள் நீங்கலாக, விற்றுமுதல் எவ்வளவு குறைவாயினும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்பதைப் பெங்களூரிலிருந்து முதல் ஆர்டர் வருமுன்பே கணக்கரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இணையவழியில் பணம் பெற உதவும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள், பணத்தைத் திருப்பியளிக்கும் விதிமுறையும் தனியுரிமைக் கொள்கையும் தளத்தில் உள்ளனவா என்று பார்த்த பின்பே கணக்கைத் திறக்கின்றன.

ஏற்கெனவே தளம் வைத்திருப்போர் பதிவாளர் அனுப்பிய ரசீதை எடுத்து, அதில் உரிமையாளர் என்ற இடத்தில் எவர் பெயர் இருக்கிறது, புதுப்பிப்பு நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று இன்றே பார்த்துவிட வேண்டும். ரசீதே தம்மிடம் இல்லையென்றால், வடிவமைப்பாளருடன் உறவு நன்றாக இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.