நாற்பது கழிந்த பின்: கரு உண்டாகும் வாய்ப்பு எப்போது, எவ்வளவு?



நம் அறக்கட்டளைக்கு மகப்பேறு உதவி கேட்டு வரும் மனுக்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மடியில் இருக்கும் குழந்தைக்கு இன்னும் பல் முளைத்திருக்காது. அதற்குள் தாய் மீண்டும் கர்ப்பமாகியிருப்பார். முந்தைய பிரசவம் ஆபரேஷனாக இருந்தால் கவலை இன்னும் கூடுகிறது. கேட்டால், "பிள்ளை பால் குடிக்கிறது, மாதவிலக்கும் வரவில்லை, எப்படி உண்டாகும் என்று இருந்துவிட்டோம்" என்கிறார்கள். "ஒரே ஒரு தடவைதானே" என்று சொல்பவர்களும் உண்டு.

மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிவில், கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

ஆறு நாள் கணக்கு

பெண்ணின் உடலில் மாதம் ஒருமுறை சினைமுட்டை வெளிவருகிறது. அது உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். ஆனால் ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். எனவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களே கரு உண்டாகும் நாட்கள். இந்த நாட்களில் ஒருமுறை சேர்ந்தால், நூறில் ஏறத்தாழ பத்து முதல் முப்பது வரை வாய்ப்பு. முட்டை வெளிவரும் நாளை நெருங்க நெருங்க வாய்ப்பு கூடும்.

அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்பு முட்டை வெளிவருகிறது. 28 நாள் சுற்று உள்ளவருக்கு ஏறத்தாழ 14ஆம் நாள். 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள். 24 நாள் சுற்று என்றால் 10ஆம் நாள். பலருக்குச் சுற்று மாதத்துக்கு மாதம் மாறுவதால், நாளை எண்ணி மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது.

ஒருமுறை என்பதால் வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது, கட்டாயம் உண்டாகும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு வாழும் 100 தம்பதிகளில் சுமார் 85 பேருக்குக் கரு உண்டாகிவிடும். புதுமணத் தம்பதிக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால் பதற வேண்டாம், மருமகளைக் குறை சொல்லவும் வேண்டாம். ஓராண்டு கழிந்தும் இல்லையென்றால் கணவன் மனைவி இருவருமே பரிசோதனைக்குப் போக வேண்டும். மனைவிக்கு வயது 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போகலாம்.

நம் வீடுகளில் நிலவும் மூன்று எண்ணங்கள்

முதலாவது, ஹைளு முடிந்து குளித்த முதல் சில நாட்கள் பாதுகாப்பானவை என்பது. சுற்று குறுகிய பெண்களுக்கு இது பொருந்தாது. 24 நாள் சுற்று உள்ளவர் ஏழாம் நாள் குளித்தால், அவருடைய ஆறு நாட்கள் அப்போதே தொடங்கியிருக்கும்.

இரண்டாவது, மாதவிலக்கு திரும்பும் வரை பயமில்லை என்பது. முட்டை வெளிவந்த பிறகுதான் மாதவிலக்கு வரும். எனவே முதல் மாதவிலக்கைப் பார்க்காமலேயே கர்ப்பமாகலாம். பால் கொடுக்காத தாய்க்கு, நிஃபாஸ் நாற்பது முடியும் முன்பே, நான்காவது வாரத்திலேயே முட்டை வெளிவரக்கூடும். தாய்ப்பால் பாதுகாப்புத் தரும், ஆனால் மூன்று நிபந்தனைகள்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேர் தப்புவார்கள். புட்டிப்பால் சேர்த்துவிட்டால் அந்தக் கணக்கு போயிற்று.

மூன்றாவது, அஸ்ல் போதும் என்பது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நபித்தோழர்கள் அஸ்ல் செய்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது பல இமாம்களின் நிபந்தனை. ஆனால் நடைமுறையில், இதை மட்டும் நம்பும் 100 பேரில் சுமார் 20 பேர் ஓராண்டுக்குள் கர்ப்பமாகிறார்கள்.

தடுப்பில்லாமல் சேர்ந்துவிட்டால்

இப்போது கர்ப்பம் வேண்டாம் என்ற நிலை இருந்தால், 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை எடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பலன். இது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே உண்டான கருவைக் கலைக்காது. பால் கொடுக்கும் தாயும் எடுக்கலாம். ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது இதைவிட உறுதியானது. மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையை மறுநாளே செய்து பயனில்லை. மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு செய்யுங்கள். மாதவிலக்கு இன்னும் திரும்பாதவர்கள் சேர்ந்து 21 நாள் கழித்துச் செய்யலாம். கர்ப்பம் என்று தெரிந்தால், கலைப்பு மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். கரு கருக்குழாயில் தங்கியிருந்தாலோ இரத்தப்போக்கு நிற்காமல் போனாலோ உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள், மார்க்கத் தீர்ப்பை ஆலிமிடம் கேளுங்கள்.

இடைவெளி தாயின் உரிமை

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இடைவெளி குறைந்தால் தாய்க்கு இரத்தசோகை, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, ஆபரேஷன் தழும்பு விரிதல் ஆகிய ஆபத்துகள் கூடும். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமும் பால்குடிக்கு முழுமையான காலமாக இரண்டு ஆண்டுகளையே குறிப்பிடுகிறது. பால் மறக்கடிப்பதைப் பெற்றோர் இருவரும் கலந்து பேசி முடிவு செய்யவும் வழிகாட்டுகிறது.

அரசு மருத்துவமனைகளில் ஆணுறை, காப்பர் டி, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் எடுக்கும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஆகியவை இலவசம். காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் போடலாம், ஆறு வாரம் கழித்தும் போடலாம். எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாற்பதாம் நாள் குளிப்புக்கு வீட்டில் நாள் குறிக்கும்போதே, கணவன் மனைவி இதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கணவன்மார்களே, பேச்சை நீங்கள் தொடங்குங்கள். பெற்றவளின் உடல் தேறுவதும், கைக்குழந்தை வயிறார பால் குடிப்பதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.