கண்ணாடி மாளிகையில் யாரைக் குடியேற்றுவது?

கோடை முற்றி இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் நீர்மட்டம் இறங்கும் காலத்திலே கரையோரமாக நடந்து செல்பவர்கள், சேற்றுத் தரையில் தட்டை வைத்து அழுத்தினாற்போன்ற வட்டமான பள்ளங்களைக் காணலாம். "யானையின் அடிச்சுவடோ?" என்று சிறுவர் கேட்பதுண்டு. அவை யானையின் அடிகள் அல்ல. ஆண் திலாப்பியா மீன் தோண்டி வைத்த மணவறைகள். பெண்மீன் அங்கு வந்து முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டு அகன்றுவிடும். குஞ்சுகள் பொரித்து நீந்தப் பழகும்வரை அவற்றுக்குத் தாயின் வாயே தொட்டில், அதுவே கோட்டை.

நம் வீட்டுச் சட்டியிலே குழம்பாகக் கொதிக்கும் இந்தத் திலாப்பியா, ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அலங்கார மீன் கடைகளிலே மின்னொளியில் மினுங்கும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் ஆகியவை இதன் உறவினரே என்று சொன்னால் பலர் வியப்படைவர். இவையனைத்தும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மடகாஸ்கர், தென்னாசியா எனப் பரந்து கிடக்கும் இக்குடும்பத்தில் 1,600க்கு மேற்பட்ட இனங்கள் உள.

மீன்களுள் இவற்றைப்போல் அறிவும் குடும்பப் பற்றும் வாய்ந்தவை சிலவே. 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், தம் வீட்டுத் தொட்டியிலே கண்ட ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். வழிதவறிய குஞ்சுகளை அந்திப்பொழுதில் வாயிற் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுசேர்ப்பது ஆபிரிக்கச் சிக்லிட் ஒன்றின் வழக்கம். அத்தகைய தந்தை மீன் ஒன்று மண்புழுவை மென்றுகொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சைக் கண்டு அதனையும் வாயில் எடுத்துக்கொண்டது. ஒன்று விழுங்கவேண்டியது, மற்றது காக்கவேண்டியது. மீன் சிறிது நேரம் அசையாது நின்றது. பின்பு இரண்டையும் உமிழ்ந்து, புழுவை உண்டு, அதன்பின் குஞ்சைக் கவ்விக்கொண்டு வீடு சென்றது!

ஆனால் பிள்ளைகளைக் காக்கத் துணிந்தவன் எல்லைக்காகவும் போராடுவான். சிக்லிட்டுகளின் அழகு எவ்வளவு புகழ்பெற்றதோ, அவற்றின் சண்டையும் அவ்வளவு புகழ்பெற்றது. ஆகவே, பல சிக்லிட்டுகளை ஒரே தொட்டியில் வளர்க்க விரும்புவோர் கண்ணுக்கு இனியவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்தல் கூடாது. இதனை நான் நூலில் மட்டும் படித்து அறியவில்லை, அனுபவத்திலும் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் தம்முள் காசு சேர்த்து, அறிவியற் கூடத்துக்கு நான்கு அடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தார்கள். மீன்களை வாங்கி வந்தவர்களும் அவர்களே. நியோன் டெட்ரா பன்னிரண்டு, ஏஞ்சல் நான்கு, விரல் நீளமான ஒஸ்கார் ஒன்று. "எல்லாம் ஒன்றாய் இருக்கும்" என்று கடைக்காரர் சொல்லியனுப்பினாராம். நானும் விசாரியாது தலையசைத்துவிட்டேன். இரண்டு மாதங்களில் நியோன் மீன் ஒன்றேனும் எஞ்சவில்லை. மேலும் சில மாதங்களில் ஏஞ்சல்களின் செட்டைகள் கந்தலாயின. ஆண்டு முடியும்போது ஒஸ்கார் பத்து அங்குலம் வளர்ந்து, தொட்டியின் நடுவே அரசனைப்போல் உலாவிற்று.

ஒருநாள் மாலை மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், இதை இரணைமடுவிலே கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன? பாவம், அங்கேயாவது சுதந்திரமாக வாழட்டுமே" என்றான். அவனுக்கு நான் அளித்த விடையை இறுதியிற் கூறுவேன். அதற்கு முன், அந்நிலைக்கு ஆளாகாமல் மீன்களைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்று பார்ப்போம். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மீன் வளர்ப்போருக்கும் அத்தலைப்பு நன்கு பொருந்தும்.

முதலில் கிணற்றைக் கேளுங்கள்

மீனைத் தெரிவதற்கு முன் நீரை அறிதல் வேண்டும். வன்னியில் உள்ள கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர் ஆகும். கேத்தலின் அடியிலே வெண்படலம் படிவதும், சவர்க்காரம் எளிதில் நுரைக்காமையும் அதன் அடையாளங்கள். அமேசன் ஆற்றின் பல கிளைகளிலோ நீர் மிக மென்மையானது. சிறிது அமிலத் தன்மையும் உடையது. இதற்கு மாறாக, ஆபிரிக்காவின் மலாவி ஏரி நீர் காரத் தன்மை கொண்டது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருக்கும். ஆதலால் அமேசன் மீனையும் மலாவி மீனையும் ஒன்றாய் விடுவோமாயின், இரண்டில் ஒன்று தனக்கு ஒவ்வாத நீரில் நாள்தோறும் வருந்தும். ஒரே நாட்டு நீரில் பிறந்தவற்றையே ஒன்றுகூட்டுதல் நன்று.

இரண்டாவது, வளர்ந்தபின் உள்ள உருவம். கடையிற் காணும் குஞ்சைக் கொண்டு மதிப்பிடுதல் பெருந்தவறு. ஒஸ்கார் ஓர் அடி நீளம்வரை வளரும். பத்தாண்டுக்கு மேலும் வாழும். வாய்க்குள் அடங்கும் மீன் எதுவாயினும் அதற்கு உணவே. அமைதியான தோற்றமுடைய ஏஞ்சலும் வளர்ந்தபின் நியோன் மீனை விழுங்கும்.

மூன்றாவது, குணம். 1990களில் மலேசியாவிலே கலப்பினமாக உருவாக்கப்பட்ட பிளவர்ஹோர்ன் மீன், தன் நிழலையும் பகைவனாக எண்ணும் இயல்பினது. அது தனித்து வாழவேண்டிய மீன். மத்திய அமெரிக்காவின் கொன்விக்ட் என்னும் வரிமீன் உருவிற் சிறியதாயினும், சோடி சேர்ந்து முட்டையிட்டுவிட்டால் தன்னைவிடப் பெரிய மீன்களையும் ஒரு மூலைக்கு விரட்டிவிடும்.

நான்காவது, உணவு. மலாவி ஏரியின் பாறைகளில் வாழ்பவற்றுட் பல பாசியை உண்டு வாழ்பவை. அவற்றின் குடல் நீண்டது. அவற்றுக்குக் கொழுத்த இறைச்சி உணவை இட்டால் வயிறு வீங்கி மாண்டுபோகும். இறைச்சியுண்ணும் மீனோ பாசி உணவினால் மட்டும் செழிக்காது. ஒரே பந்தியில் உண்ணக்கூடியவற்றையே ஒரே வீட்டில் வைத்தல் வேண்டும்.

மூன்று குடியிருப்புகள்

ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் கொண்ட தொட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 680 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் பாரம் மட்டும் 680 கிலோகிராம் ஆதலால், உறுதியான தாங்கியும் சமதளமான நிலமும் இன்றியமையாதன. இத்தகைய தொட்டிக்கு மூன்று திட்டங்களைச் சொல்லலாம்.

முதலாவது, தென் அமெரிக்கக் குடியிருப்பு. ஏஞ்சல் ஆறு, செவரம் இரண்டு, ஜியோபேகஸ் ஐந்து. எல்லாவற்றையும் குஞ்சுப் பருவத்திலேயே ஒன்றாய் விட்டு வளர்த்தல் வேண்டும். ஜியோபேகஸ் என்னும் கிரேக்கப் பெயருக்கு 'மண்ணுண்ணி' என்பது பொருள். மணலை வாய்நிறைய அள்ளி, இரையைப் பிரித்தெடுத்து, எஞ்சியதைப் பூவழியாக வெளியேற்றும் காட்சி சிறுவர்க்குப் பெருவிருந்து. ஆகவே கூரிய கற்களின்றி மென்மணலே பரப்புக. ஏஞ்சலும் செவரமும் பல தலைமுறையாகத் தொட்டிகளிலே பிறந்து வளர்ந்தவை கிடைப்பதால், ஓரளவு வன்னீரையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் டிஸ்கஸ் 28 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் மிகத் தூய நீரும் வேண்டும் மென்மையான மீன். தொடக்கத்தினர் அதனை நாடாதிருத்தல் நலம்.

இரண்டாவது, மலாவிக் குடியிருப்பு. நம் வன்னீர்க் கிணறுகளுக்கு இதுவே மிகவும் இயைந்தது. சுண்ணக்கற்களை மலைபோல் அடுக்கி, இடையிடையே பொந்துகள் விடுக. ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண்கள் என்ற கணக்கு இங்கே முக்கியமானது. ஒரே பெண்மீன் இருப்பின், ஆணின் துரத்தலைத் தாங்காது அது இறந்துவிடும். ஒத்த நிறமும் வரியும் உள்ள இரு இனங்களைச் சேர்த்தால் ஆண்கள் ஒன்றையொன்று போட்டியாளனாகக் கருதிப் பொருதும்; இனக்கலப்பும் நேரும். மஞ்சள் நிற லபிடோகுரோமிஸ் சாந்தமானது. ஒறற்றஸ் என்பதோ அழகிலும் கொடுமையிலும் ஒருங்கே மிக்கது. புதிய மீனை விடும் நாளில் கற்களை இடம்மாற்றி அடுக்குவோமாயின், பழைய எல்லைகள் அழிந்து, எல்லா மீன்களும் புதுக்குடிகள்போல் ஆகிவிடும். சண்டை தணிக்க இஃது எளிய வழி.

மூன்றாவது, நம் நாட்டுக் குடியிருப்பு. சிக்லிட் என்றாலே அயல்நாட்டு மீன் என்று எண்ணுகிறோம். ஆசியாவின் தென்பகுதிக்கே உரிய மூன்று சிக்லிட்டுகளுள் இரண்டு இலங்கையின் களப்புகளிலும் தாழ்நில நீர்நிலைகளிலும் இயற்கையாகவே வாழ்கின்றன. ஒன்று, கேரளத்தார் கரிமீன் என்றும் சிங்கள மக்கள் கோரலியா என்றும் வழங்கும் பச்சைக் குரோமைட். கேரள அரசு 2010ஆம் ஆண்டில் தன் மாநில மீனாக அறிவித்தது இதனையே. மற்றது, எட்டுச் சென்ரிமீற்றர் அளவே வளரும் செம்மஞ்சட் குரோமைட். வன்னீரும் சிறிது உப்பும் இவற்றுக்குப் பகையல்ல. சிறிய இனத்தில் எட்டு மீன்களை ஒரு கூட்டமாக விடலாம். அதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலிற் சுரக்கும் வழுவழுப்பான பொருளைக் கொறித்து வளரும் காட்சி, பாலூட்டும் தாயை நினைவூட்டும்.

இவ்விரு மீன்களுக்கிடையே உள்ள உறவு விந்தையானது. வைமன், வார்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இது: பச்சைக் குரோமைட்டின் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணி முதலியவற்றைச் செம்மஞ்சட் குரோமைட் கொத்தித் துப்புரவு செய்கிறது. அதே மீன், காவல் தளர்ந்த வேளையில் பச்சைக் குரோமைட்டின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதும் உண்டு! களப்பின் பரப்பிலே நட்பும் பகையும் ஒருங்கே நிலவ இடமுண்டு. தோற்றவன் ஓடி ஒளியலாம். கண்ணாடிச் சுவருக்குள் ஓட வழி ஏது? பெரிய தொட்டி வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

பொறுமையே முதல் முதலீடு

தொட்டி அமைத்த அன்றே மீனை விடுதல் ஆகாது. மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியா நஞ்சு; அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியிலே பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதன்பின்னும் வாரந்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கையேனும் மாற்றுக. 2022ஆம் ஆண்டில் நாம் பட்ட நீண்ட மின்வெட்டுகளை மறந்திருக்கமாட்டோம். மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றை வைத்திருத்தல் அறிவுடைமை. நண்பகல் வெயில் படும் யன்னலருகே தொட்டியை வைத்தலும் தவறு. நீர் சூடேற ஏற, அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும்.

இனி, அம்மாணவனுக்கு நான் கூறிய விடை. "தம்பி, உன் இரக்கம் நல்லது. ஆனால் குளத்திலே வாழும் சிறுமீன்களுக்கும், அக்குளத்தை நம்பி வலை வீசும் குடும்பங்களுக்கும் அந்த இரக்கத்தில் பங்கில்லையா?" என்று கேட்டேன். திலாப்பியாவைக் கொண்டுவந்தது உணவுக்காக, திட்டமிட்டுச் செய்த செயல். தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை இரவோடிரவாகக் குளத்திற் கொட்டுவது அத்தகையதன்று. அலங்காரத்துக்காக வந்த கத்தி மீனும், தொட்டியின் பாசியை மேயும் உறிஞ்சுவாய்க் கெளிற்று மீனும் இலங்கையின் இயற்கை நீர்நிலைகளிற் பரவிவிட்டன. ஒருமுறை பரவியதைத் திருப்பியழைத்தல் எளிதன்று. கொன்றொழிப்பதும் எமக்கு மனம் ஒப்பாத செயல். ஆகவே ஏஞ்சல்களுக்கு வேறு தொட்டி தேடினோம். நான்கடித் தொட்டி முழுவதும் ஒஸ்காருக்கே ஆயிற்று.

இன்றும் அது அங்கே இருக்கிறது. காலையில் கூடத்தைத் திறக்கும் மாணவனை அடையாளங்கண்டு கண்ணாடியருகே வந்து நிற்கிறது. விரல் நீளமாய் அதை வாங்கியவர்கள் பல்கலைக்கழகம் சென்றுவிட்டார்கள். பின்வந்த வகுப்பினர் முறைவைத்து உணவிடுகிறார்கள். ஒரு நாட்பொழுதில் ஆராயாது செய்த தெரிவு, பத்தாண்டுக் கடமையாக எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெற்றோர்களே, மாணவர்களே! தொட்டிக்கு மீன் வாங்கப் புறப்படும் நாளில், கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னர், அம்மீன் எவ்வளவு வளரும், எவ்வளவு காலம் வாழும், எந்த நீரில் பிறந்தது என்ற மூன்றையும் அறிந்துகொள்ளுங்கள்.