முடி நிஜம்... கண்ணு மட்டும் ஏன் பொம்மை? - ‘ஃபைனல் ஃபேன்டசி’ முதல் ‘கோச்சடையான்’ வரை

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் போற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பாருங்க. மறைந்த நடிகர் யாராவது ஏஐ வீடியோவில் புதுசா பேசிக்கிட்டு இருப்பார். ரெண்டே நொடியில், ‘இது டூப்பு’ன்னு நமக்குத் தெரிஞ்சிடும். எப்படி? 2001-ல் வெளியான ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

படத்தின் பெயர் ‘ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’. வீடியோ கேம் உலகில் பெயர் வாங்கிய ஹிரோனோபு சகாகுச்சி இயக்கியது. 2065-ல் ‘ஃபேன்டம்’ எனும் அந்நிய உருவங்களால் பூமி சின்னாபின்னமாகிக் கிடக்க, ஆகி ராஸ் என்ற பெண் விஞ்ஞானி தீர்வு தேடுகிறார். திரையில் தெரியும் மனிதர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டரில் உருவானவர்கள்.

எங்கே ஜெயித்தது?

ஆகியின் தலையில் மட்டும் சுமார் 60 ஆயிரம் முடி இழைகள். அவர் திரும்பும்போது அது அசையும் அழகை இன்றைக்குப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. பாழடைந்த நியூயார்க்கும் அப்படித்தான். கதையிலும் ஒரு நல்ல திருப்பம் உண்டு. ஃபேன்டம்கள் படையெடுத்து வந்தவை அல்ல, அழிந்துபோன ஒரு கிரகத்தின் ஆவிகள்!

எங்கே சறுக்கியது?

பாத்திரங்கள் வாயைத் திறந்ததும்! உடல் அசைவை நடிகர்கள் மீது மார்க்கர் ஒட்டி ‘மோஷன் கேப்சர்’ முறையில் பதிவு செய்தார்கள். முகத்தை அசைத்ததோ அனிமேட்டர்கள். அதனால் நடை நிஜம், அழுகை பொம்மை. போதாததற்கு, பூமியின் ஆன்மா பற்றி வசனத்திலேயே நீளமாகப் பாடம் எடுக்கிறார்கள். சுமார் 13.7 கோடி டாலர் செலவில் எடுத்த படம், 8.5 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. ஹொனலூலுவில் இருந்த ஸ்டுடியோவையே மூட வேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கலுக்கு 1970-லேயே ‘அன்கேனி வேலி’ என்று பெயர் வைத்தவர் ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி. பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும். ரொம்ப நெருங்கி, மயிரிழையில் தப்பினால் உடனே பயமுறுத்தும். ‘வால்-இ’யின் பைனாகுலர் கண்ணைப் பார்த்து நாம் கலங்குவதும், ஆகியின் அழுகைக்கு அசையாமல் இருப்பதும் இதனால்தான். ‘அவதார்’ தப்பித்ததற்கு நீல நிறமும் ஒரு காரணம். அதோடு, அதில் நடிகர்களின் முகத்துக்கு முன்னாலேயே குட்டி கேமராவைப் பொருத்தி முகபாவத்தையும் பிடித்தார்கள்.

2014 மே 23-ல் வந்த சௌந்தர்யாவின் ‘கோச்சடையான்’ ராஜா கதைதான், சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லை. ஆனால் விழுந்தது அதே பள்ளத்தில். ரஜினியின் ஸ்டைல் நடையில் இருக்கு, கண்ணில் இல்லை. 2009-ல் மறைந்த நாகேஷையும் அதில் திரும்பக் கொண்டுவந்தார்கள். முகம் வந்தது, அவருடைய டைமிங் வரவில்லை.

2024-ல் ‘தி கோட்’ படத்தில், குடும்பத்தினரின் சம்மதத்தோடு விஜயகாந்த் ஏஐ உருவில் வந்தார். அடுத்து யாராவது சிவாஜியைக் கேட்கலாம். அவர் பிறந்தது விழுப்புரத்தில். கன்னத்துச் சதைத் துடிப்பையே நடிப்பாக்கியவர். அவருடைய கம்பீர நடையை இப்போதே மோஷன் கேப்சரில் கொண்டுவந்துவிடலாம். அந்தக் கன்னத்துக்கு யார் மேல் மார்க்கர் ஒட்டுவார்கள்?