வீட்டுத் தொட்டியில் நீர்ப்பூண்டு வளர்ப்பு

திருமுடிவாக்கம், குன்றத்தூர், பல்லாவரம் பக்கங்களில் நஞ்சை குறைந்து வீடுகள் பெருகிவிட்டன. இவ்வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போரும் பலர். அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரிலிருந்து மீனுடன் நீர்ப்பூண்டுகளும் வாங்கி வரப்படுகின்றன. எந்தப் பூண்டை வாங்குவது, மிஞ்சியதை எங்கே கழிப்பது என்பவை ஏரிப் பாசனத்தை நம்பியுள்ள விவசாயிகளையும் பாதிக்கும் விஷயங்களாம்.

வெயில் படாத கூடத்துக்கு ஏற்றவை மெதுவாய் வளரும் இனங்களே. ஜாவாப் பெரணியும், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அனுபியாஸும் கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டி வைக்கத் தக்கவை. இவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். இலங்கை ஓடைகளில் பல வகையாய் விளையும் கிரிப்டோகோரைனை மட்டும் மணலில் வேரூன்ற நட வேண்டும். நட்ட சில தினங்களில் அதன் இலைகள் கரைந்து போவதுண்டு. அதைக் கண்டு பிடுங்கிவிடலாகாது. வேர் நன்றாயிருப்பின் மீண்டும் தளிர்க்கும்.

கழுவிய மணல் இரண்டு அங்குலம் பரப்பி, சிறு விளக்கைத் தினம் 6 முதல் 8 மணி நேரம் எரித்தால் போதும். வெளிச்சம் மிகுந்தால் இலைமேல் பாசி படியும். கோடையில் தண்ணீர் சூடேறாதிருக்க, மேற்கு வெயில் தாக்கும் சுவரை விட்டுத் தொட்டியைத் தள்ளி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது நலம்.

விரைவாய்ப் பெருகும் பூண்டுகளை விலக்குவதே உத்தமம். தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஆகாயத்தாமரை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவின் அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சாதகமான இடத்தில் அது சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை பல ஆண்டுகள் சேற்றில் உயிரோடிருக்கும். இன்று அடையாற்றிலும் சுற்றுப்புற ஏரிகளிலும் அது படர்ந்திருப்பதை யாவரும் அறிவர். மதகும் வாய்க்காலும் இவ்வாறு அடைபட்டால் வெள்ளம் வடியத் தாமதமாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட அடையாற்றுக் கரையோர ஊர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் 2020-ல் ரோஜா நிறமாய்ப் பூத்து, ஜனங்கள் திரண்டு வந்து பார்த்த கபோம்பாவும் அந்நிய நாட்டுத் தொட்டிப்பூண்டே. அதன் தண்டில் ஒரு துண்டு நீரிற் போய் விழுந்தாலும் தழைத்துவிடும்.

ஆதலால் தொட்டியில் மிஞ்சிய பூண்டையும், கழுவிய தண்ணீரையும் ஏரியிலோ கால்வாயிலோ ஒருபோதும் கொட்டலாகாது. பூண்டைச் சருகாகும் வரை வெயிலில் காயவைத்து எருக்குழியில் மூடுக. தண்ணீரைத் தென்னைப் பாத்திக்கு விடுக. அதிலுள்ள மீன் கழிவு மரத்துக்கு உரமாகும். கிராம அலுவலர்கள் மழைக்கு முன் மதகுகளைப் பார்வையிடுகையில் புதுவிதப் பூண்டு தென்பட்டால், அது சிறு திட்டாயிருக்கும்போதே வேரோடு வாரிக் கரையேற்றச் செய்வார்களாக. ஏரி முழுதும் படர்ந்தபின் ஆகும் செலவு பன்மடங்காம்.